நாற்காலிக்கு எழுந்து நின்ற ஊர்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சப் படிப்பையெல்லாம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே படித்தேன். புத்தகத்தில் அல்ல, ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களின் வாயில். புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில், எங்கள் ஊர் பஸ் திரும்புகிற இடத்தில் என் கடை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் மனசையும் சேர்த்துத் தூக்கிக் காட்டுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். "எங்க வூட்டுக்காரரு பேசுனா மோட்டார் போட்ட மாரி, நிறுத்துனா கரண்ட்டு போன மாரி" என்று ஒருத்தி சொன்னாள். அதை அப்படியே அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்த நோட்டில் இடுப்பளவைவிட இந்த மாதிரிப் பேச்சுதான் அதிகம்.

பிறர் பேச்சைச் சேர்த்துச் சேர்த்து எனக்கே பேச்சு வந்துவிட்டது. மகளிர் குழுவில் ஆரம்பித்தது, போகப் போக ஊரில் எந்த விழாவானாலும் வரவேற்புரை நான்தான் என்று ஆகிவிட்டது. மைக்கைக் கையில் வாங்கினால் எனக்கு உடம்பு கொஞ்சம் மிதக்கும். அந்த மிதப்பில் ஊருக்கே ஒரு கெடுதல் செய்தேன். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல வாய் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தலைவர் ஒரு வேலையைச் செய்து தருகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், மறுநாளே நன்றி பேனர் கட்டிவிடுவோம். முன்னாடியே நன்றி சொல்லிவிட்டால் வெட்கப்பட்டாவது செய்வார் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் நிழற்குடை திறக்க அமைச்சர் வந்தார். நான் மைக்கில் இருந்தேன். யாரோ வந்து என் காதில், "கடைமடை மதகுக்கு ஐயா ஒத்துக்கினாராம்" என்றார்கள். ஒத்துக்கொண்டார் என்று சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம். நான், "கடைமடைக்கு உயிர் தந்த வள்ளலே, மதகைச் சீர்செய்து தந்த மகராசரே" என்று ஆரம்பித்து, கைத்தட்டல் வர வர ஏற்றிக்கொண்டே போனேன். சாயங்காலம் அதையே போட்டு பேனரும் கட்டியாயிற்று.

மதகில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடவில்லை. ஊர்க்காரர்கள் மனு எடுத்துக்கொண்டு போன போதெல்லாம் ஆபீசில் ஃபைலைத் திறந்து காட்டினார்கள். உள்ளே எங்கள் பேனரின் போட்டோ ஒட்டியிருந்தது. "அதான் நீங்களே நன்றி சொல்லிட்டீங்களே. வேல முடிஞ்சதாத்தான் இருக்குது" என்று பதில் வந்தது. வேலை முடிந்ததற்குச் சாட்சி என் வாய்.

கடைமடை என்பது வாய்க்காலின் கடைசிக் கோடியில் இருக்கிற நிலங்கள். என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு அங்கே ஒரு காணி நிலம். எனக்கு அண்ணி முறை. புருஷன் போன பிறகு தனியாக நின்று பயிர் வைக்கிறவள். அவளுடைய போர்த் தண்ணீர் உப்பேறிப்போய்விட்டது. நாற்றங்காலுக்கு மட்டும் பக்கத்து போரில் கெஞ்சி வாங்கி நனைத்து வந்தாள். இந்த வருஷம் தை மாதம் ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. ஆனால் கடைமடைக்குப் போகிற மதகின் ஷட்டர் துருப்பிடித்து இறுகிவிட்டதால், கரைக்கு இந்தப்பக்கம் தண்ணீர், அந்தப்பக்கம் வெடித்த மண். நாற்று வயசு ஏறிக்கொண்டே போனது. "இன்னும் பத்து நாளுல நடலன்னா மாட்டுக்குப் போட வேண்டியதுதான்" என்று என் கடை வாசலில் நின்று சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக்கூடம் திறக்க அதே அமைச்சர் வருகிறார். வரவேற்புரை நான்.

கடைமடைப் பெண்கள் என் கடையில் கூடினார்கள். அண்ணிதான் பேசினாள். "ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. அவரு வரட்டும், மேடை ஏறட்டும், நாம கால நீட்டிக்கினு உக்காந்திருப்போம்."

"அது நல்லா இருக்காது அண்ணி."

"இன்னாடி நல்லா இருக்காது? நீ வேணா உன் மகராசருக்கு ஆரத்தி எடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலை கவிழ்ந்த சிரிப்பு.

அப்போது ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் என் சிநேகிதி. பாரிசில் பிறந்த யூதப் பெண். பூரணாங்குப்பத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறாள். தமிழை பஸ்ஸிலும் மீன் மார்க்கெட்டிலும் கற்றவள், அதனால் அவள் வாயில் எங்களைவிட எங்கள் பேச்சு. சனிக்கிழமை வண்டி தொடமாட்டாள், அடுப்புப் பற்றவைக்கமாட்டாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தன் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டு வந்திருந்தாள். ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள அளவு குறைக்க வேண்டும். அதற்கு முன் காலரைப் பிரித்து உள்ளே லினன் துணி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

நான் காலரைப் பிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். "கோட்டுக்குள்ள வெக்கிற துணிக்கே சட்டம் வெச்சிருக்கீங்களே, அமைச்சருக்கு எழுந்திருக்கணுமா வேணாமான்னு இருக்குதா?"

"இருக்குது அக்கா. நிறைய இருக்குது." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ராஜாவைப் பாத்தா சொல்றதுக்குன்னே ஒரு துதி இருக்குது. தன் மகிமையில கொஞ்சம் எடுத்து ரத்தமும் சதையுமான மனுஷனுக்குக் குடுத்த கடவுளுக்கு ஸ்தோத்திரம்னு அர்த்தம். எங்க ஆளா இருக்கணும்னு இல்ல. வேத்து நாட்டு ராஜா வந்தாலும் ஓடிப் போயிப் பாக்கணும்."

"ராஜா கெட்டவனா இருந்தா?" அண்ணி கேட்டாள்.

"எங்க சனத்த அடிமையா வெச்சு செங்கல் அறுக்க வுட்டான் எகிப்து ராஜா. அவன்கிட்ட பேசப் போன எங்க தலைவருக்குக் கடவுளே சொன்னதா எங்க பெரியவங்க சொல்வாங்க, ராஜாவுக்கு உள்ள மரியாதையக் குடுத்துட்டுப் பேசுன்னு. ஆனா பேச வேண்டியதுல ஒண்ணும் கொறைக்கல."

"அதாவது, கால்ல வுழுந்துட்டுக் கேக்கணும்" என்றாள் அண்ணி.

"இல்லக்கா, கால்ல வுழறது வேற. மனுஷனைக் கடவுளா நெனச்சுக் கும்புட்டா எங்களுக்கு அது பெரிய பாவம். அப்படிக் குனியச் சொன்ன மந்திரிக்கு முன்னாடி, உயிரே போனாலும் சரின்னு நிமிந்து நின்ன ஆளு எங்க கதையில இருக்காரு. அந்தக் கதையப் படிக்கவே எங்களுக்கு வருஷா வருஷம் ஒரு பண்டிக." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "இன்னொருத்தர் இருக்காரு, தீர்க்கதரிசி. ராஜா பண்ண தப்ப மூஞ்சிக்கு நேரா சொன்னவரு. அதே ஆளு வேற ஒரு சமயம் அதே ராஜா முன்னாடி வந்தப்போ தரையில மொகம் படக் குனிஞ்சாரு. ரெண்டும் ஒரே ஆளுதான்."

"ஓட்டு வாங்கி வர்றவங்களுக்கும் அந்தத் துதி சொல்வீங்களா?" இது நான்.

"அதுல சண்டை உண்டு. ராஜாவ மாரி முழு அதிகாரம் இல்லையே. எங்கப்பா கடவுள் பேர மட்டும் வுட்டுட்டு மிச்சத்தச் சொல்வாரு. தேவையில்லாம கடவுளை இழுத்துட்டா தப்பாச்சே. ஆனா சனிக்கிழமை ஜெபத்துல நாட்டுக்காகவும் ஆள்றவங்களுக்காகவும் வேண்டிக்கறது கண்டிப்பா உண்டு. எங்கப்பா ஓட்டுப் போடாத ஆளுக்கும் சேத்துத்தான் வேண்டிக்குவாரு. மொகத்தைச் சுளிச்சிக்கினே வேண்டுவாரு, ஆனா வேண்டுவாரு."

கடையே சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் கண்டிப்பு அக்கா. பொய்யாப் புகழக் கூடாது. மரியாத குடு, முகஸ்துதி பண்ணாத. அது அவரையும் கெடுக்கும், சொல்றவங்களையும் கெடுக்கும்."

என் கையிலிருந்த தையல் பிரிப்பான் நின்றுவிட்டது. உள்ளே லினன் இல்லை, வெறும் பருத்தி கேன்வாஸ்தான் என்பதைச் சொல்லவும் எனக்கு நேரமாயிற்று.

அண்ணிக்கு இன்னும் சமாதானமாகவில்லை. "எழுந்து நின்னோம்னு வெச்சுக்கோ. அவரு 'உக்காருங்கம்மா, உக்காருங்க'ன்னு பெரிய மனுஷனாட்டம் கையக் காட்டுவாரு. நாம உக்காந்துடுவோம். அவருக்கும் கெத்து, நமக்கும் மறந்துரும்."

சிநேகிதி தலையை ஆட்டினாள். "எங்க சட்டத்துல அதுக்கும் ஒண்ணு இருக்குது. அப்பா தன் மரியாதைய வேணாம்னு சொல்லலாம். வாத்தியார் சொல்லலாம். ராஜா மட்டும் சொல்ல முடியாது. ஏன்னா அது அவரோடது இல்ல, சனங்களோடது. அவரே வேணாம்னாலும் அது அப்படியே இருக்கும். அமைச்சருக்கு இது பொருந்துமான்னு எங்கப்பாவோட சேக்காளிங்க நாலு பேரு வாதாடுவாங்க, ஆனா..."

அண்ணி அவளை முடிக்க விடவில்லை. முகம் மாறிப்போயிருந்தது. "இரு, இரு. அப்ப அவரு உக்காருன்னாலும் நாம உக்கார வேணாமா?"

"சட்டப்படி... வேணாம்."

"எவ்ளோ நேரம்?"

"அது எழுதியில்லையே அக்கா."

"எழுதியில்லல்ல? அப்ப போதும்!" தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாள் அண்ணி. "நான் நிக்கிறேன்டி. எல்லாரும் நிக்கிறோம். மதகு தெறக்குற வரைக்கும் மரியாத குடுக்குறோம்!"

சிநேகிதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "எங்க ஆளுங்க இத்தினி காலம் வாதாடியும் இப்படி ஒருத்தரும் யோசிக்கல." பிறகு விரலை நீட்டிச் சொன்னாள். "கேலியா நிக்கக் கூடாது. நெசமாவே மரியாதையா நிக்கணும். இல்லன்னா செல்லாது."

"நாத்து காயுதும்மா. கேலி பண்ண ஏது தெம்பு?" என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை. சமுதாயக்கூடத்தின் முன் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், கொடிகள், வெடி. காலை ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றரைக்கு வந்தார். கார்க் கதவு திறந்ததும் கடைமடைப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக எழுந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். பின்வரிசையில் என் சிநேகிதியும் நின்றாள். அவள் உதடு அசைவது எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது. அந்தத் துதியைக் கடவுள் பேரை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

நான் மைக்கைப் பிடித்தேன். அன்றைக்கு மிதப்பு இல்லை. அமைச்சரின் பதவியை ஒருமுறை, முழுசாக, சரியாகச் சொல்லி வணக்கம் வைத்தேன். வள்ளல் இல்லை, மகராசர் இல்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது, இதற்கு நன்றி என்றேன். கட்டடம் கண்முன்னால் நின்றது, அது உண்மை. அப்புறம் சொன்னேன்.

"ஐயா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஊருல, இதே மைக்கு செட்டுல, நான் ஒரு பொய் சொன்னேன். மதகைச் சீர்செய்து தந்தீங்கன்னு உங்களைப் புகழ்ந்தேன். சீர்செய்யல. உங்க மேல தப்பு சொல்ல இத சொல்லல. என் பொய்தான் உங்க ஃபைல்ல சாட்சியா ஒட்டியிருக்குது. அத இன்னிக்கி நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

அமைச்சருடைய உதவியாளர் மைக் செட்காரரை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அமைச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் தெரியவில்லை, குழப்பம்தான் தெரிந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க."

ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

"பரவால்லம்மா, மரியாதையெல்லாம் மனசுல இருந்தா போதும். உக்காருங்க."

அண்ணி முன்வரிசையில் இருந்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் பந்தலின் கடைசிவரை போகும். "ஐயா, உக்காரச் சொல்றது உங்க பெருந்தன்ம. ஆனா இந்த மரியாத நாங்க அந்த நாற்காலிக்குக் குடுத்தது. வேணாம்னு சொல்ல உங்களுக்கே உரிமை இல்லீங்க. நாங்க நிக்கிறோம். நீங்க நிதானமா பேசுங்க. நாத்து நட பத்து நாளு இருந்துச்சு, இன்னிக்கி ஆறு."

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அமைச்சர் கிளம்பிப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், கடைமடையும் முடிந்திருக்கும், இந்த ஊரில் நான் மைக்கைத் தொடுவதும் முடிந்திருக்கும். உட்கார்ந்திருந்த அமைச்சர் மெதுவாக எழுந்தார். ஊரே நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அவர் எழுந்ததும் மேடையிலிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் இல்லை.

"எந்த மதகு?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற இன்ஜினியர், "அது முடிஞ்ச வேல சார், நன்றி பேனர்கூட..." என்று ஆரம்பித்தார்.

"நானும் அப்படித்தாம்பா நெனச்சேன்" என்றார் அமைச்சர். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பொய் ஆபீசை மட்டும் ஏமாற்றவில்லை, அவரையும் ஏமாற்றியிருக்கிறது. ஆளுகிறவரின் காதில் நான் பஞ்சை அடைத்துவிட்டு, கேட்கவில்லையே என்று இரண்டு வருஷம் புலம்பியிருக்கிறேன்.

"முடிஞ்ச வேலைய ஒரு நட பாத்துட்டுப் போலாங்களா?" என்றாள் அண்ணி.

ஏரிக்கரையில் கார் போகாது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமைச்சர் நடந்தார். பின்னால் உதவியாளர், இன்ஜினியர், மாலையும் கையுமாய்க் கட்சிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். பேண்டு செட்டுக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லாததால் அவர்களும் வாசித்துக்கொண்டே வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சாமி ஊர்வலம் என்றே நினைத்தார்களாம்.

மதகின் சக்கரத்தை இன்ஜினியர் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. உதவியாளர் சேர்ந்து பிடித்தார். அசையவில்லை. அமைச்சரே கையை வைத்தார். துரு உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டியதுதான் மிச்சம். அவர் கரைக்கு ஒருபக்கம் திரும்பி நிறைந்த ஏரியைப் பார்த்தார். மறுபக்கம் திரும்பி வெடிப்பைப் பார்த்தார். கையைத் துடைக்காமலே இன்ஜினியரிடம் சொன்னார்: "நாளைக்கே ஆளு வரணும். அவங்க நடுறதுக்குள்ள தண்ணி போகணும். முடிஞ்சதும் போன் பண்ண வேண்டியது நீ இல்ல, இந்த அம்மா." அண்ணியைக் காட்டினார்.

அப்புறம் அண்ணியிடம், "இப்பவாவது உக்காரலாமாம்மா?" என்றார்.

"இங்க எங்கீங்க நாற்காலி?" என்றாள் அண்ணி. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கரையே சிரித்தது. சிநேகிதி என் தோளைப் பிடித்து, "அக்கா, இத எங்கப்பாகிட்ட சொன்னா நம்பமாட்டாரு. ராத்திரி பூரா மறுத்துப் பேசுவாரு" என்றாள்.

திங்கட்கிழமை கேஸ் கட்டருடன் நாலு பேர் வந்து, மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்துவிட்டு, பழைய ஷட்டரை அறுத்தார்கள். செவ்வாய்க்கிழமை புதுத் தண்டு, புதுப் பலகை. புதன்கிழமை காலை, சூரியன் பனைக்கு மேலே வந்த நேரம், மதகு திறந்தது. தண்ணீர் முதலில் சருகையும் பிளாஸ்டிக் பையையும் தள்ளிக்கொண்டு அழுக்காக வந்தது. வாய்க்காலின் வளைவுகளில் தயங்கித் தயங்கித் திரும்பியது. பெண்கள் அதோடு கூடவே ஓடினார்கள். நானும் ஓடினேன், கழுத்தில் அளவு டேப் தொங்க. அண்ணியின் மடையில் தண்ணீர் நுழைந்ததும் வெடிப்புகள் ஒவ்வொன்றாகக் குடிக்கிற சத்தம் கேட்டது, தாகத்தோடு வந்தவன் சொம்பைக் கவிழ்த்துக் குடிப்பதைப்போல.

அண்ணி போனை எடுத்தாள். அமைச்சரின் உதவியாளர் எடுத்திருக்க வேண்டும். "ஐயாகிட்ட சொல்லுங்க, தண்ணி வந்துச்சு. வந்துச்சுன்னா வந்துச்சுதான், நான் வயலுக்குள்ள நின்னுக்கினு சொல்றேன்" என்றாள்.

இரண்டு நாள் தண்ணீர் நின்று, டிராக்டர் சேறடித்து, சனிக்கிழமை நடவு. நாற்று கொஞ்சம் முற்றித்தான் போயிருந்தது. குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாகச் சேர்த்து நட்டால் பிழைக்கும் என்றார்கள். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். நான் வரப்பில் நின்று ஒவ்வொருத்தி பேசுவதையும் மனசில் குறித்துக்கொண்டிருந்தேன். அண்ணி முழங்கால் சேற்றோடு நிமிர்ந்து, ஒரு கட்டு நாற்றை என்மேல் எறிந்தாள்.

"இன்னாடி வேடிக்க பாக்குற? எறங்குடி."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலில் ஏறியது. குளிர்ச்சியாக இருந்தது.